ஒரு கீச்சும் ஓராயிரம் தலைப்புகளும்

(திங்கட் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ஒரு நாட்டு மக்கள் காலையில் எழுந்ததும் எதைப்பற்றிப் பேசுகின்றனர் என்பது சிறிய செய்தியன்று. அரிசி விலையைப் பற்றிப் பேசும் மக்கள் ஆட்சியாளரை ஒரு வகையாகக் கேள்வி கேட்பர். மருத்துவமனையில் படுக்கை கிடைக்காமையைப் பற்றிப் பேசும் மக்கள் வேறொரு வகையாகக் கேட்பர். ஒரு தலைவர் மற்றொரு தலைவரை நேற்றிரவு என்ன சொல்லித் திட்டினார் என்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் மக்களோ எந்தக் கேள்வியும் கேட்கமாட்டார்கள். எனவே, மக்கள் என்ன நினைக்க வேண்டும் என்று கட்டளையிடும் ஆற்றலினும், எதைப்பற்றி நினைக்க வேண்டும் என்று வரையறுக்கும் ஆற்றல் பெரிது. அமெரிக்க நாட்டுப் பேராசிரியர்களான மாக்சுவெல் மெக்கோம்பு, தொனால்டு சா ஆகிய இருவரும் 1968ஆம் ஆண்டுத் தேர்தலின்போது வடகரோலினா மாநிலத்துச் சேப்பல்கில் என்னும் ஊரில், எவருக்கு வாக்களிப்பது என்று உறுதி செய்யாதிருந்த 100 வாக்காளரைக் கண்டு உசாவினர். அவ்வாக்காளர் எவற்றைத் தலையாய சிக்கல்கள் என்று கருதினரோ, அவற்றின் வரிசையும் செய்தித்தாள்களும் தொலைக்காட்சியும் அச்சிக்கல்களுக்குக் கொடுத்த இடத்தின் வரிசையும் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தன. அவ்வாய்வு 1972இல் வெளிவந்தது. அந்நாள் முதல் செய்தித்துறை பயில்வோர் அனைவரும் அதனை அடிப்படைப் பாடமாகக் கற்று வருகின்றனர்.

அவ்வாய்வு நடந்த நாளில் அந்த வரிசையை வகுத்தவர்கள் ஆசிரியர்கள். அவர்கள் அனைவரும் நடுநிலையாளர் என்று சொல்வதற்கில்லை. முதலாளியின் பணப்பையும் விளம்பரம் தருவோரின் முகக்குறிப்பும் அவர்கள் எழுதுகோலை அவ்வப்போது அசைத்தே வந்தன. ஆயினும், ஒரு செய்தி அச்சேறுமுன் அது மெய்யா பொய்யா என்று பார்க்கவும், அது முதற்பக்கத்துக்கு உரியதா உட்பக்கத்துக்கு உரியதா என்று எண்ணவும் ஒருவர் இருந்தார். எண்ணுவதற்குச் சில மணிநேரமும் இருந்தது. ஆட்சித் தலைவர் எவரேனும் அவரைத் தாண்டி நேரே மக்களிடம் பேச விரும்பினால், அதற்கு அரிய முயற்சி தேவைப்பட்டது. குடியரசுத் தலைவர் பிராங்கிளின் உரூசுவெல்ட்டு 1933 மார்ச்சு 12ஆம் நாள் இரவு, வைப்பகங்கள் மூடிக்கிடந்த நெருக்கடி வேளையில், வானொலி வாயிலாக மக்களுடன் உரையாடினார். ஆனால், பன்னிரண்டு ஆண்டுக் கால ஆட்சியில் அவர் அவ்வாறு நிகழ்த்திய உரைகள் ஏறத்தாழ முப்பதே. ஒவ்வோர் உரையும் பன்முறை எழுதித் திருத்தப்பெற்றது. மக்களிடம் பேசுமுன் சொல்லை நிறுத்துப் பார்க்கும் வழக்கம் அன்று ஆள்வோரிடமும் இருந்தது.

கைப்பேசியும் குமுக ஊடகமும் வந்தபின் அந்த நிறுத்துப் பார்த்தல் ஒழிந்தது. அதன் விளைவை முழுமையாகக் காண்பதற்கு ஒருவருடைய வரலாறே போதும். தமிழ்ச் செய்தித்தாள்கள் டிரம்ப் என்று எழுதும் தொனால்டு திரம்பின் வரலாறு அது. கீச்சகம் என்று தமிழன்பர்கள் பெயரிட்டழைக்கும் துவிட்டரில் அவர் பெயரால் கணக்குத் தொடங்கப்பெற்றது 2009ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். முதற் கீச்சு வெளியானது மே 4ஆம் நாள். தாம் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சியில் தோன்றவிருப்பதைப் பாருங்கள் என்னும் விளம்பரம் அது. அவ்வளவே! நாட்டையாளும் கருவியாகப் பின்னாளில் மாறிய ஒன்று, தன் முகத்தைக் காட்டிக்கொள்ளும் கருவியாகவே பிறந்தது என்பது எண்ணத்தக்கது.

2015 சூன் 16ஆம் நாள் அவர் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு நிற்கப்போவதாக அறிவித்தார். அதன்பின் அவர் விடுத்த ஒவ்வொரு கீச்சும் செய்தியாயிற்று. 2016 மார்ச்சுத் திங்களில் நியூயார்க்கு தைம்சு நாளிதழ் ஒரு கணக்கை வெளியிட்டது. செய்தியாகவும் உரையாடலாகவும் பல்வகை ஊடகங்கள் திரம்புக்கு விலையின்றி வழங்கிய இடத்தையும் நேரத்தையும் விளம்பரக் கட்டண அளவையால் மதிப்பிட்டால், அஃது ஏறத்தாழ 200 கோடி தாலர் ஆகும் என்று ஊடக அளவீட்டு நிறுவனமொன்று கண்டதாம். அவர்தம் கட்சியிலேயே அவரை எதிர்த்து நின்ற மற்ற வேட்பாளருள் எவரும் அதில் பாதியைக்கூட எட்டவில்லை. காசு கொடுத்து விளம்பரம் செய்தவர்கள் தோற்றார்கள். காலையில் படுக்கையிலிருந்தபடியே கைப்பேசியைத் தட்டியவர் வென்றார். அவர் கொடுத்தது ஒரு சொற்றொடர். செய்தித்துறை கொடுத்தது அன்றைய நாள் முழுவதையும்.

இங்குப் பலர் தடுமாறும் இடமொன்று உண்டு. கீச்சகம் வந்துவிட்டமையால் தலைவர்கள் செய்தித்தாள்களைக் கடந்து நேரே மக்களை அடைந்துவிட்டனர் என்று பலரும் சொல்கின்றனர். அத்தலைவரே அவ்வாறு கூறிப் பெருமைப்பட்டதுண்டு. உண்மை அதுவன்று. காலப்பு என்னும் கருத்துக் கணிப்பு நிறுவனம் 2018 மே திங்களில் வெளியிட்ட முடிவைப் பாருங்கள். அமெரிக்காவில் அகவை வந்தோருள் கீச்சகத்தில் கணக்கு வைத்துத் திரம்பைப் பின்தொடர்ந்தோர் நூற்றுக்கு 8 பேரே. ஆனால், அவர்தம் கீச்சுகளைப் பற்றி மிகுதியாகவோ ஓரளவுக்கோ கண்டும் கேட்டும் வந்ததாகச் சொன்னவர்கள் நான்கில் மூன்று பங்கினர்! இடைவெளியை நிரப்பியது யார்? தொலைக்காட்சியும் வானொலியும் செய்தித்தாளுமே. கீச்சியது ஒரு பறவை. அந்தக் குரலை ஊரெங்கும் ஒலிபெருக்கியில் ஏற்றியவர்கள், அப்பறவையைப் பிடிக்கவில்லை என்று நாள்தோறும் முறையிட்டுக்கொண்டிருந்த செய்தியாளர்களே. எனவே, இவ்வரலாற்றில் கைப்பேசியைத் தட்டிய விரலைவிட, அவ்விரலுக்குக் காத்துக்கிடந்த செய்திக்கூடங்களையே கூர்ந்து நோக்குதல் வேண்டும்.

செய்திக்கூடம் எவ்வாறு இயங்குகின்றது? ஒரு கீச்சு வந்தவுடன் செய்தி நிறுவனங்கள் சில மணித்துளிகளில் அதனை ஒற்றைவரிச் செய்தியாக விடுக்கின்றன. அவ்வரியைக் கண்ட தொலைக்காட்சி, திரையின் அடியில் அதனை ஓடவிடுகின்றது. திரையில் ஓடியதைக் கண்ட போட்டித் தொலைக்காட்சி, தான் பின்தங்கிவிட்டோமோ என்று அஞ்சி, நான்கு பேரைக் கூட்டி உட்காரவைத்து அதனைப் பேசுபொருளாக்குகின்றது. அந்தப் பேச்சுக்கு எதிர்க்கட்சித் தலைவர் ஒருவர் மறுமொழி கூறுகின்றார். மறுமொழி புதிய செய்தியாகின்றது. மாலைக்குள் மறுமொழிக்கு மறுமொழியாக இரண்டாம் கீச்சு வருகின்றது. இவ்வளவுக்கும் செலவு மிகக் குறைவு. ஓர் ஊரின் குடிநீரில் ஈயம் கலந்ததைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒரு செய்தியாளரைத் திங்கள் கணக்கில் ஆங்கு அனுப்பிவைக்க வேண்டும். கீச்சைச் செய்தியாக்க நாற்காலியை விட்டு எழவும் வேண்டுவதில்லை. செலவு குறைந்த செய்தியே மிகுந்த செய்தி ஆவது வணிகத்தின் இயற்கை. ஊடக முதலாளிகள் இதனைக் கண்டு கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. பார்ப்போர் தொகை பெருகிற்று, அது போதும் அவர்களுக்கு.

2017 மார்ச்சு 4ஆம் நாள், காரிக்கிழமை விடியற்காலை, பொறுப்பேற்று ஆறு கிழமையே ஆகியிருந்த குடியரசுத் தலைவர், தேர்தலுக்கு முன்னர் ஒபாமா தம் கட்டடத்துத் தொலைப்பேசிகளை ஒட்டுக்கேட்கச் செய்தார் என்று கீச்சினார். சான்று ஒன்றும் காட்டவில்லை. அன்றும் அடுத்த பல நாள்களும் அமெரிக்கா முழுவதும் அதே பேச்சு. அக்குற்றச்சாட்டுக்குத் துணைநிற்கும் செய்தி ஏதும் தம்மிடம் இல்லை என்று நடுவண் புலனாய்வுத் துறையின் தலைவர் மார்ச்சு 20ஆம் நாள் பேராயக் குழுவின் முன்னர்க் கூறினார். அவ்வாறு ஒட்டுக்கேட்டதற்குரிய பதிவு எதுவும் இல்லையென்று நயன்துறை செபுதம்பரில் வழக்குமன்றத்தில் எழுதிக்கொடுத்தது. குற்றச்சாட்டு ஊரைச் சுற்றிவர ஒரு காலைப்பொழுது போதியதாயிற்று. மறுப்பு முழு வடிவில் வந்து சேர ஆறு திங்கள் ஆயிற்று. அதற்குள் எத்தனை பேர் நினைவில் அந்த முதல் வரி மட்டும் தங்கியிருக்கும் என்பதைக் கேட்போரே உய்த்துணர்க.

அதே ஆண்டு சூலை 26ஆம் நாள் நிகழ்ந்தது இன்னும் கொடிது. தம் படைத்தலைவருடனும் வல்லுநருடனும் கலந்து பேசியபின் அமெரிக்க அரசு இனி ஏற்காது அல்லது இசையாது என்று ஒரு கீச்சு வந்தது. எதனை ஏற்காது? வரி முடியவில்லை, புள்ளிகள் மட்டும் இருந்தன. ஏறத்தாழ ஒன்பது மணித்துளிகள் அடுத்த கீச்சு வரவில்லை. வடகொரியாவுடன் பூசல் முற்றியிருந்த நாள்கள் அவை. போர் அறிவிப்போ என்று படைத்துறைத் தலைமையகத்திலேயே சிலர் கலங்கியதாகச் செய்திகள் வந்தன. பின்னரே, திருநர் எவரும் படையில் எந்நிலையிலும் பணியாற்ற இசைவில்லை என்னும் செய்தி முழுமையாயிற்று. அந்நேரத்தில் ஆயிரத்துக்கு மேற்பட்ட திருநர் அமெரிக்கப் படையில் பணியிலிருந்தனர். தம் வாழ்வு முடிந்ததா இல்லையா என்பதை அவர்கள் தம் மேலலுவலரிடமிருந்து அறியவில்லை. தொலைக்காட்சித் திரையின் அடிவரியிலிருந்து அறிந்தனர். முறையான ஆணை வரும்வரை எந்த மாற்றமும் இல்லை என்று கூட்டுப்படைத் தலைவர் மறுநாள் சுற்றறிக்கை விடுத்தார். அதனைக் கேட்டவர் எத்தனை பேர்? தலைப்புச் செய்தி முன்னரே போய்ச் சேர்ந்துவிட்டதே!

2017 மே 31ஆம் நாள் நள்ளிரவைச் சற்றே கடந்து, எந்த மொழியிலும் இல்லாத 'கோவ்வெவே' என்னும் ஒரு சொல்லோடு பாதியில் நின்றுபோன கீச்சு வந்த கதையை உலகறியும். தூக்கக் கலக்கத்தில் நேர்ந்த எழுத்துப் பிழைக்கு உலகின் பெரிய செய்தித்தாள்கள் எல்லாம் பத்தி ஒதுக்கின. சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால், அன்று அவ்விடத்தில் வரவேண்டியிருந்த வேறு செய்தி எது என்று எவரும் சிரித்துக்கொண்டே கேட்கவில்லை.

இடம்பெறாமற்போன செய்தி எது என்னும் கேள்வியைத்தான் பிரித்தானியாவின் பிரிசுட்டல் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் சுடீவன் இலெவந்தோவ்சுகியும் அவர்தம் தோழர் இருவரும் எழுப்பினர். அவர்களுடைய ஆய்வு 2020 நவம்பரில் வெளிவந்தது. தேர்தலில் உருசியா தலையிட்டமை பற்றிய உசாவலைத் தனியுசாவுநர் இராபர்ட்டு முல்லர் 2017 மே முதல் 2019 மார்ச்சு வரை நடத்தினார். குடியரசுத் தலைவருக்கு அதனினும் தலைவலியான செய்தி வேறில்லை. நியூயார்க்கு தைம்சும், ஏபிசி தொலைக்காட்சியின் மாலைச் செய்தியும் நாள்தோறும் அவ்வுசாவலுக்கு எவ்வளவு இடம் கொடுத்தன என்பதை ஒரு பக்கமும், அவர் எவற்றைப் பற்றிக் கீச்சினார் என்பதை மறுபக்கமும் வைத்து ஆய்வாளர்கள் ஈராண்டுக் கணக்கை ஒப்பிட்டனர். கண்டது யாது? உசாவல் பற்றிய செய்தி பெருகிய நாள்களில் வேலைவாய்ப்பு, சீனம், குடியேற்றம் என அவருக்கு உவப்பான பொருள்கள் பற்றிய கீச்சுகளும் பெருகின. அவை பெருகியபின், மறுநாள் அவ்விரு ஊடகங்களிலும் உசாவல் பற்றிய செய்தி குறைந்தது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு நீங்குவது போன்ற, அவருக்கு ஊறு செய்யாத பொருள்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பார்த்தபோது அத்தகைய தொடர்பு காணப்படவில்லை.

ஆய்வாளர்கள் தம் முடிவை மிகைப்படுத்தவில்லை. அவர் திட்டமிட்டுத் திருப்பினாரா, உள்ளத்தின் இயல்பான சினத்தால் வேறொன்றைப் பற்றிக் கத்தினாரா என்பதைக் கணக்கு சொல்லாது. ஒன்றையொன்று தொடர்ந்தது என்பதே கணக்குச் சொல்லும். ஆனால், ஒன்றை மனத்திற் கொள்க. அந்த இரண்டு ஊடகங்களும் அவருடைய கூலிகள் அல்ல. அவரை வெறுத்தவை என்று அவராலேயே நாள்தோறும் தூற்றப்பெற்றவை. 'மக்களின் பகைவர்' என்னும் பட்டத்தை 2017 பிப்ரவரியில் அவர் கீச்சு வாயிலாகச் சூட்டிய நிறுவனங்களின் பெயர்ப் பட்டியலில் அவ்விரண்டும் இருந்தன. பகைவன் கையில் இருக்கும் விளக்கை, அவன் அறியாமலே, தான் வேண்டிய பக்கம் திருப்ப இயலுமானால் நண்பர்கள் எதற்கு?

இதன் இழப்பு ஏட்டளவில் நிற்பதன்று என்பதற்கு 2019 செபுதம்பர்த் திங்கள் ஒரு சான்று. தோரியன் என்னும் பெரும்புயல் செபுதம்பர் 1ஆம் நாள் அட்டிலாண்டிக்கு மாக்கடலில் பகாமாசுத் தீவுகளைத் தாக்கிற்று. அபாக்கோ தீவையும் பெருங்பகாமாத் தீவையும் விட்டு நகராமல் ஒரு நாளுக்கு மேல் நின்றடித்தது. ஊர்கள் முழுமையாக அழிந்தன. 70 பேருக்கு மேல் மாண்டனர், காணாமற்போனோர் பலர். அன்று காலை, புயல் அலபாமா மாநிலத்தையும் எதிர்பார்த்ததைவிடக் கடுமையாகத் தாக்கக்கூடும் என்று திரம்பு கீச்சினார். ஏறத்தாழ இருபது மணித்துளிகளில் அம்மாநிலத்துப் பர்மிங்காம் நகர வானிலை அலுவலகம், அலபாமாவுக்குத் தோரியனால் எந்தத் தீங்கும் இல்லை என்று தன் கணக்கிலிருந்து அறிவித்தது. மக்கள் வீணே அஞ்சி ஓடாதிருப்பதற்காக அவ்வலுவலர்கள் தம் கடமையைச் செய்தார்கள், பாராட்டத்தக்க செயல்.

அத்துடன் அது முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. தாம் சொன்னது பிழையன்று என்று மீண்டும் மீண்டும் கீச்சுகள் வந்தன. செபுதம்பர் 4ஆம் நாள் வெள்ளை மாளிகையில் காட்டப்பெற்ற வானிலை வரைபடத்தில், புயலின் வழியைக் குறிக்கும் வெள்ளை வட்டத்தோடு கரிய மையால் ஒரு வளைவு சேர்க்கப்பெற்று, அலபாமாவின் ஒரு மூலை அதனுள் அடக்கப்பெற்றிருந்தது! 6ஆம் நாள் வானிலைத்துறையின் மேலாண்மை நிறுவனம், கையொப்பமற்ற ஓர் அறிக்கையில், தன் சொந்த அலுவலகமான பர்மிங்காமின் அறிவிப்பையே குறைகூறிற்று. வரைபடத்தில் வளைவை வரைந்த கை எது, எழுதுகோல் எவ்வகையது, அறிக்கையை விடுக்கச் சொன்னவர் யார் என்று அமெரிக்கச் செய்தியுலகம் ஒரு கிழமைக்கு மேல் ஆய்ந்துகொண்டிருந்தது. அக்கிழமையில்தான் பகாமாசில் இடிபாடுகளுக்கிடையே பிணங்களைத் தேடிக்கொண்டிருந்தனர். கூரையும் குடிநீருமின்றி ஆயிரக்கணக்கானோர் நின்றுகொண்டிருந்தனர். ஆங்குச் சென்று உண்மையை எழுதிய நல்ல செய்தியாளர்கள் இல்லாமலில்லை. ஆனால், மாலைச் செய்தி என்பது வரம்புடைய நேரம். எழுதுகோலுக்குக் கொடுத்த மணித்துளிகள் வேறெவரிடமிருந்தோ பிடுங்கப்பெற்றவையே. பொய்யைப் பொய்யென நிறுவியதில் செய்தியாளர்கள் வென்றார்கள். எதைப்பற்றிப் பேசுவது என்பதில் தோற்றார்கள்.

'அவ்வாறாயின், நாட்டுத் தலைவர் சொல்வதைச் செய்தித்தாள் வெளியிடாமல் விட்டுவிட இயலுமா?' என்று கேட்போர் உளர். கேள்வி முறையானதே. 2017 சூன் 6ஆம் நாள், வெள்ளை மாளிகையின் செய்தித்துறைச் செயலர் சீன் சுபைசர், கீச்சுகள் குடியரசுத் தலைவரின் முறையான அறிக்கைகளாகவே கருதப்பெறும் என்று வெளிப்படையாகவே கூறினார். 2018 மார்ச்சு 13ஆம் நாள் வெளியுறவு அமைச்சர் இரெக்சு தில்லர்சன் பொறுப்பிலிருந்து நீக்கப்பெற்ற செய்தியை உலகம் கீச்சின் வழியாகவே அறிந்தது. அதனை வெளியிடாத செய்தித்தாள் செய்தித்தாளாகுமா? மேலும், செய்தியாளர் நேரில் கேள்வி கேட்பதற்காகச் செய்தித்துறைச் செயலர் நடத்தும் வழக்கமான வெள்ளை மாளிகைக் கூட்டங்கள் 2019 மார்ச்சுக்குப் பின்னர் 2020 மே வரை ஓராண்டுக்கு மேல் நடைபெறவேயில்லை. கேள்வி கேட்கும் வாயிலை அடைத்துவிட்டு, விடை மட்டும் வரும் பலகணியைத் திறந்துவைத்தால், செய்தியாளர் அப்பலகணியின் கீழேதானே நிற்கவேண்டும்?

நிற்கலாம், ஆனால், விழுவதையெல்லாம் வாயிற் போட்டுக்கொள்ள வேண்டுமென்பதில்லை. அமைச்சரை நீக்கும் கீச்சு ஓர் அரசுச் செயல்; எவரோ ஒரு நடிகையை இகழும் கீச்சு அரசுச் செயலன்று. இரண்டுக்கும் ஒரே அளவு எழுத்தில் தலைப்பிட்டதே செய்தித்துறையின் குற்றம். மொழியியல் பேராசிரியர் சியார்சு இலேக்காப்பு 2018இல் ஒரு வழி சொன்னார். தலைவர் பொய்யுரைத்தால், முதலில் உண்மையைச் சொல்லுங்கள். பின்னர் இவர் இவ்வாறு பொய் சொன்னார் என்று குறியுங்கள். அவர் சொற்களைப் பெருக்காதீர்கள். மீண்டும் உண்மையைச் சொல்லி முடியுங்கள் என்றார். இரண்டு உண்மைகளுக்கு நடுவே ஒரு பொய்யைப் பொதியும் முறை இது. எளிய வழிதான். ஆயினும், தலைப்பு என்பது ஏழெட்டுச் சொற்களில் அடங்குவது. அவ்வேழெட்டுச் சொற்களும் மேற்கோட் குறிகளுக்குள் தலைவருடைய சொற்களாகவே இருந்துவந்தன. தலைப்பை மட்டும் படித்துவிட்டுச் செல்வோரே மிகப் பலர் என்பது செய்தித்துறையினர்க்குத் தெரியாததன்று.

சொற்களைப் பற்றி இங்குச் சற்று நின்று பார்த்தல் தகும். தமிழ் பயில்வோர்க்கு இஃது அயலான செய்தியன்று. எவர் சொல்லைப் பயன்படுத்துகிறோமோ அவர் கண்ணாலேயே பொருளைப் பார்க்கிறோம். உசாவலைச் 'சூனியக்காரி வேட்டை' என்று அவர் நூற்றுக்கணக்கான முறை கீச்சினார். எதிர்ப்பவரும் அதே சொல்லை எடுத்து, அது சூனியக்காரி வேட்டையன்று என்று மறுத்தெழுதினர். மறுப்பதற்காகவேனும் அச்சொல்லைச் சொல்லச் சொல்ல, உசாவலுக்கு அதுவே பெயராயிற்று. தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களிலும் இந்நோயின் நிழல் விழாமலில்லை. வாசிங்டனிலிருந்து வரும் ஆங்கில வரியை இரவோடிரவாகப் பெயர்த்து, 'விளாசல்', 'பதிலடி', 'ஆவேசம்' என்று மற்போர்க் களத்துச் சொற்களால் தலைப்பிட்டுவிட்டால் அயல்நாட்டுச் செய்தி முடிந்தது. எந்தச் சட்டம், யாருக்கு என்ன கேடு, மறுப்பு என்ன என்பவை உள்ளே எங்கும் இருக்கமாட்டா. கீச்சு என்னும் நல்ல தமிழ்ச்சொல் இருக்கவும் 'ட்வீட்' என்றே எழுதுவது ஒருபுறமிருக்க, எழுதப்பெறுவது செய்தியா என்பதே முதற்கேள்வி.

2021 சனவரி 6ஆம் நாள் அமெரிக்கப் பேராயக் கட்டடம் தாக்கப்பெற்றது. இரண்டு நாள் கழித்து, ஏறத்தாழ 8 கோடியே 80 இலக்கம் பேர் பின்தொடர்ந்த அவருடைய கணக்கைக் கீச்சக நிறுவனம் முடக்கியது. மே 4ஆம் நாள் அவர் தமக்கென ஒரு வலைப்பக்கத்தைத் தொடங்கினார். அதே மனிதர், அதே நடை, அதே வசைச்சொற்கள். ஆனால், செய்தித்தாள்கள் திரும்பிப் பார்க்கவில்லை. 29 நாள்களில் அப்பக்கம் மூடப்பெற்றது. இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஆற்றல் கருவியில் இல்லை. அக்கருவியைச் சூழ நின்று காத்திருந்த செய்தியாளர் கூட்டத்திலேயே இருந்தது. அக்கூட்டம் கலைந்திருந்தபோது ஓசையும் இல்லை.

அது நீடிக்கவில்லை. 2022 பிப்ரவரியில் 'துரூத்து சோசியல்' என்னும் குமுக ஊடகத்தை அவருடைய நிறுவனமே தொடங்கிற்று. அதே ஆண்டு அத்தோபரில் கீச்சகத்தை எலான் மசுக்கு 4,400 கோடி தாலருக்கு வாங்கி, நவம்பரில் திரம்பின் பழைய கணக்கைத் திறந்துவிட்டார்; 2023 சூலையில் அதன் பெயரையும் எக்சு என மாற்றினார். 2025 சனவரி 20ஆம் நாள் திரம்பு மீண்டும் குடியரசுத் தலைவரானார். முதன்முறை ஆண்டபோது பலகை பிறருடையது. எழுத்து மட்டும் அவருடையது. இம்முறை எழுத்தும் அவருடையது, எழுதும் பலகையும் அவருக்குப் பெரும்பங்குள்ள நிறுவனத்தினுடையது. ஒவ்வொரு செய்தித்தாளும் அவருடைய அறிவிப்பை எடுத்து வெளியிடும்போது, அவர் வணிகத்துக்கும் விலையின்றி விளம்பரம் செய்கின்றது. இதனைச் செய்தித்துறை போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

2025 ஏப்பிரல் 9ஆம் நாள் நடந்ததைக் காண்க. உலக நாடுகள் பலவற்றின்மீதும் அமெரிக்கா விதித்த இறக்குமதித் தீர்வையால் பங்குச் சந்தைகள் சரிந்துகொண்டிருந்தன. அன்று காலை, பங்கு வாங்குவதற்கு இது மிக நல்ல நேரம் என்று தம் ஊடகத்தில் அவர் எழுதினார். நான்கு மணிநேரத்துக்குள், அத்தீர்வைகளுட் பெரும்பாலானவற்றை 90 நாள்கள் நிறுத்திவைப்பதாக அதே ஊடகத்தில் மற்றொரு பதிவு வந்தது. அமெரிக்காவின் 500 பெருநிறுவனப் பங்குகளின் குறியீட்டெண் அன்று ஒரே நாளில் நூற்றுக்கு 9.5 அளவு உயர்ந்தது. செய்தி நிறுவனங்கள் அப்பதிவைப் படித்துச் சொன்ன சில மணித்துளிகளில் உலகின் செல்வம் இடம் மாறிற்று. முதற்பதிவைப் படித்து வாங்கியவர் யாவர் என்று எதிர்க்கட்சியினர் கேட்டனர். ஊடகங்களோ உயர்வின் அளவைப் பாடுவதில் முனைந்திருந்தன.

அந்தப் பதிவு வெளியான நேரத்தில், அமெரிக்க வணிகப் பேராளர் சேமிசன் கிரீர் பேராயக் கீழவையின் குழுவொன்றின் முன் அமர்ந்து, அதே தீர்வைகள் ஏன் தேவை என்று உறுப்பினர்க்கு விளக்கிக்கொண்டிருந்தார். அவற்றுட் பெரும்பாலானவை நிறுத்திவைக்கப்பெற்றுவிட்டன என்னும் செய்தி அக்கூடத்துக்குள் உறுப்பினர்களின் கைப்பேசி வழியாக வந்து சேர்ந்தது. உங்களுக்கு இது முன்னரே தெரியுமா என்று உறுப்பினர் ஒருவர் அவரைக் கேட்டார். தொலைக்காட்சிப் படப்பொறிகள் அனைத்தும் கிரீரின் முகத்தின்பால் திரும்பின.